நீல மூடி

பொன்னுத்தாயின் கண் மஞ்சளாக இருந்ததை முதலில் பார்த்தவள் செவ்வந்திதான். கார்த்திகை மாதம், காலை எட்டு மணி. தண்ணீர்க் கம்பெனியின் தகரக் கொட்டகைக்குள் இருவரும் எதிரெதிரே உட்கார்ந்து, நிரம்பி வந்த பாட்டில்களுக்கு மூடி திருகிக்கொண்டிருந்தார்கள். பொன்னுத்தாய் ஏதோ கேட்பதற்காக நிமிர்ந்தாள். என்ன கேட்டாள் என்பது செவ்வந்தியின் காதில் விழவில்லை.

“என்னடி கண்ணு இப்படி இருக்கு?”

“எப்படி?”

“மஞ்சளா.”

பொன்னுத்தாய் மறுபடி குனிந்துகொண்டாள். “காமாலைதான். மூணு நாளா சோத்தப் பாத்தாலே கொமட்டுது. சூடுன்னு நெனச்சு வெந்தயத்த முழுங்கிட்டு இருந்தேன். நேத்து ஒரத்தநாட்டுல ரத்தம் எடுத்துப் பாத்துட்டுச் சொன்னாங்க.”

“அப்பறம் ஏண்டி வேலைக்கு வந்த?”

“லோடு போவணும், வரலேன்னா ஒரேடியா நின்னுக்கன்னு முதலாளி போன்ல சொல்றாரு. என்ன பண்ணச் சொல்ற?” ஒரு மூடியைத் திருகி ஓரமாக வைத்தாள். “அங்க இருந்த நர்சம்மா, எந்தத் தண்ணி குடிக்கிறன்னு கேட்டுச்சு. கம்பெனித் தண்ணிதாங்க, சுத்தமான தண்ணின்னேன். என்னைய ஒரு மாதிரி பாத்துச்சு. வீட்டுல மாசமா இருக்கறவங்க யாராச்சும் இருக்காங்களான்னு கேட்டுச்சு. இல்லேன்னேன். நல்லதாப் போச்சு, புள்ளைத்தாச்சிக்கு இந்தக் காமாலை வந்தா தாயையும் காப்பாத்த முடியாமப் போயிடும், புள்ளையையும் காப்பாத்த முடியாமப் போயிடும்னு சொல்லிச்சு.”

செவ்வந்தியின் மடியிலிருந்த மூடிகள் தரையில் சிதறி உருண்டன. அவள் மகள் கலையரசிக்கு எட்டாம் மாதம்.

கஜா புயல் அடித்ததற்கு மறு வருஷம் அது. ஒரத்தநாட்டுக்குத் தெற்கே, ரோட்டோரத்தில் இருக்கிறது அந்தக் கம்பெனி. அது நிற்கும் மூன்று மா, கிட்டத்தட்ட ஒரு ஏக்கர் நிலம், ஒரு காலத்தில் செவ்வந்தியின் மாமனாருடையது. பண்ணை நிலத்தில் சிவப்புக் கொடியை நட்டு, அறுப்பு அறுக்க விடாமல் வரப்பில் படுத்து, ஏழு மாதம் ஜெயிலில் கிடந்து, கடைசியில் நில உச்சவரம்புச் சட்டத்தில் பட்டா வாங்கினார். பிறகு வாய்க்காலில் காவிரித் தண்ணீர் வராத வருஷங்களாக வந்தன. நாற்று விட்டதும் காய்ந்தது, நட்டதும் காய்ந்தது. நிலம் இராஜாங்கத்தின் கைக்குப் போனது. இராஜாங்கம் ஒன்றியத்தில் கட்சிப் பொறுப்பில் இருப்பவர். எந்தக் கட்சி என்று கேட்டால் ஆட்சி மாறும்போது பதிலும் மாறும், அவ்வளவுதான். தண்ணீர் இல்லாததால் விற்ற நிலத்தில் அவர் ஆழ்குழாய் இறக்கித் தண்ணீர் எடுத்தார். விற்றவர்களின் மருமகளே நாலு வருஷமாக அதைப் பாட்டிலில் அடைத்துக்கொண்டிருந்தாள்.

அங்கே தண்ணீர் இரண்டு தினுசு. வெள்ளை மூடி இருபது ரூபாய், நீல மூடி அறுபது ரூபாய். நீல மூடி பாட்டில் தடிமனாக இருக்கும். அதில் ஒட்டும் தாளில் பனி மூடிய மலை ஒன்று உண்டு. அந்தப் பக்கத்து ஜனங்கள் மலையைப் பார்க்க வேண்டுமென்றால் அந்தத் தாளைத்தான் பார்க்க வேண்டும். ஆனால் காலையில் வெள்ளை மூடிக்கும் மத்தியானம் நீல மூடிக்கும் தண்ணீர் வருவது ஒரே குழாயில். வேலை செய்யும் ஆறு பெண்களுக்கும் இது தெரியும். அதை யாரும் பெரிய மோசடியாக நினைத்ததில்லை. தண்ணீர் நல்ல தண்ணீர்தானே, அதற்கு எந்தச் சட்டை போட்டுவிட்டால் நமக்கென்ன என்று இருந்தார்கள். செவ்வந்தியும் அப்படித்தான் இருந்தாள். அதுதான் இப்போது அவளைப் போட்டு வாட்டியது.

மகளுக்கு வளைகாப்பு நடந்து இருபத்திரண்டு நாள் ஆகிறது. முறைப்படி அன்றைக்கே தாய்வீட்டுக்கு அழைத்து வந்திருக்க வேண்டும். புயலில் போன கூரைக்கு இன்னும் தார்ப்பாய்தான் போட்டிருந்தாள். மாப்பிள்ளை உலகநாதன் அதைப் பார்த்துவிட்டு, “ஒம்பதாம் மாசம் வரைக்கும் எங்க வீட்டுலயே இருக்கட்டுங்க அத்தை” என்று தன்மையாகத்தான் சொன்னான். ஆனாலும் செவ்வந்திக்குச் சுருக்கென்று இருந்தது. மகளுக்குக் கூரை இல்லை என்று ஊர் சொல்லும்; சீரிலாவது குறை இருக்கக் கூடாது என்று நினைத்தாள். ஐந்து வகைச் சோறு, வளையல், பழத்தட்டு இவற்றோடு நீல மூடியில் ஐந்து பெட்டி கொண்டுபோய் வைத்தாள். தாள் கோணலாக ஒட்டிய பாட்டில்கள், கம்பெனியில் பாதி விலைக்குக் கிடைத்தன. கோணலை அங்கே யார் பார்த்தார்கள்? மாப்பிள்ளை ஊரான பேராவூரணியின் பெண்கள் பெட்டியைத் தொட்டுப் பார்த்து, “தண்ணியில கூட ஒசத்தியா கொண்டாந்துருக்காங்கடி” என்று பேசிக்கொண்டதைக் கேட்டு அவளுக்கு மனசு குளிர்ந்துபோனது.

செவ்வந்தி எழுந்து மிஷின் அறைக்குப் போனாள். சேக் தாவூது அங்கே மோட்டாருக்குப் பக்கத்தில் நின்றிருந்தார். கம்பெனி தொடங்கிய நாளிலிருந்து மிஷினைப் பார்த்துக்கொள்பவர் அவர்.

“பாய், பொன்னுத்தாய்க்குக் காமாலை.”

அவர் துணியை எடுத்துக் கையிலிருந்த கிரீஸைத் துடைத்தார்.

“தண்ணியில என்ன இருக்கு? எனக்கு நெசத்தச் சொல்லணும்.”

சேக் தாவூது கதவைப் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார். “தீபாவளி மழையில வாய்க்கா தண்ணி தரைத்தொட்டிக்குள்ள எறங்கிடுச்சும்மா. கக்கூஸ் குழியும் பக்கத்துலதான் இருக்கு. வடிகட்டுற மிஷின் சேறடைச்சு நின்னுபோச்சு. நிறுத்திட்டுச் சரி பண்ணணும்னு சொன்னேன். உள்ளாட்சித் தேர்தல் வருதுய்யா, கூட்டத்துக்கு ஆறாயிரம் பாட்டில் போவணும், மிஷின விட்டுட்டுத் தண்ணிய நேரா விடுன்னு முதலாளி சொல்லிட்டாரு. கிருமி சாவுற நீல லைட்டும் எரியாமப் போயி ஒரு மாசத்துக்கு மேல ஆவுது.”

“நீல மூடிக்குமா?”

“நீல மூடிக்குத் தனியா போர் போட்டிருக்கா என்ன? ஒங்களுக்குத் தெரியாததா.”

“எங்ககிட்ட ஏன் பாய் சொல்லல?”

“சொல்லியிருக்கணும்” என்றார். சுவரில் மாட்டியிருந்த பையில் வீட்டிலிருந்து கொண்டுவந்த தண்ணீர் பாட்டில் நீட்டிக்கொண்டிருந்தது. அவள் அதைப் பார்த்துவிட்டாள் என்று தெரிந்ததும் முகத்தைத் திருப்பிக்கொண்டார். அவரை ஏச வேண்டும் போலிருந்தது செவ்வந்திக்கு. ஏசுவதற்கு நேரமில்லை.

கொட்டகைக்குப் பின்னால் போய் மகளுக்குப் போன் போட்டாள்.

“அம்மா” என்றாள் கலையரசி. பின்னால் டி.வி. சத்தமும், சம்மந்தி அம்சத்தின் பேச்சுக் குரலும் கேட்டன.

“சாப்புட்டியாடி? ஒடம்பு எப்படி இருக்கு?”

“நல்லாத்தாம்மா இருக்கேன். புள்ளதான் ஓயாம ஒதைக்குது.”

“அந்தத் தண்ணி… நான் கொண்டாந்த தண்ணியக் குடிக்காத.”

“ஏம்மா?”

கக்கூஸ் தண்ணி என்று வாய்வரை வந்தது. மகளைச் சுற்றி அந்த வீடே காது கொடுத்து நிற்பதாக அவளுக்குத் தோன்றியது. சபையில் வைத்த சீர் அது. “தேதி” என்றாள். “தேதியத் தப்பா அடிச்சுட்டாங்க. பழசு. குடிக்காத.”

“இருங்க, அவரு இங்கதான் இருக்காரு. பாக்கச் சொல்றேன்.”

சற்று நேரம் கழித்து உலகநாதனே பேசினான். அவன் கணக்கு வாத்தியார், பள்ளிக்கூடம் கிளம்பும் அவசரத்தில் இருந்தான். “அத்தை, ரெண்டு பெட்டியப் பாத்துட்டேன். இன்னும் அஞ்சு மாசம் இருக்கு. நீங்க ஒண்ணும் கவலைப்படாதீங்க. கலை இப்பதான் ஒரு பாட்டிலத் தொறந்தா.” சிரித்துக்கொண்டே போனை வைத்துவிட்டான்.

அவள் சொன்ன பொய்யைச் சரிபார்த்து, மாப்பிள்ளையே தண்ணீருக்கு நற்சான்று கொடுத்துவிட்டான். இனிப் போனில் சொல்லி ஆகாது என்று செவ்வந்திக்குப் புரிந்தது. கை கழுவினாள், கழுவிய தண்ணீரும் அதே தண்ணீர் என்று நினைத்ததும் முந்தானையில் அழுத்தித் துடைத்தாள். புறப்பட்டாள்.

வாசலில் இராஜாங்கம் காரை விட்டு இறங்கிக்கொண்டிருந்தார்.

“எங்க கெளம்பிட்ட?”

“மவளப் பாக்கங்க.”

“சாயந்தரம் லோடு போவணும்னு தெரியும்ல?” அவர் அருகே வந்தார். குரல் மென்மையாகத்தான் இருந்தது. “பொன்னுத்தாய்க்கு ஏதோ ஒடம்புக்கு முடியலயாம். மழைக்காலம், வரத்தான் செய்யும். வெளியில போயி எதையாவது பேசிக்கிட்டு இருக்காத செவ்வந்தி. ஆறு குடும்பம் பொழைக்கிற எடம்.”

“சரிங்க” என்றாள். அப்படிச் சொன்னதற்காக பஸ்ஸில் ஏறும்வரை தன்னையே திட்டிக்கொண்டாள்.

ஒரத்தநாட்டிலிருந்து பட்டுக்கோட்டை, அங்கிருந்து பேராவூரணி. வழியெல்லாம் வயலில் பயிர் பச்சை கட்டி நின்றது. அந்த வருஷம் மழை நன்றாகப் பெய்திருந்தது. நல்ல மழை என்று இவள்கூட சந்தோஷப்பட்டவள்தான். அந்த மழைதான் தொட்டிக்குள் இறங்கியிருக்கிறது. பட்டுக்கோட்டையைத் தாண்டியதும் தென்னந்தோப்புகள் வந்தன. புயலில் விழுந்த மரங்கள் இன்னும் அள்ளப்படாமல் கிடந்தன. பக்கத்து சீட்டில் கைக்குழந்தைக்காரி ஒருத்தி பையிலிருந்து வெள்ளை மூடி பாட்டிலை எடுத்துக் குழந்தையின் வாயில் சொட்டுச் சொட்டாக விட்டாள். செவ்வந்தி எட்டிப் பார்த்தாள். வேறு ஊர்க் கம்பெனி. அந்த ஊரில் மழை எங்கே இறங்கியதோ. தாயிடம் சொல்லலாமா என்று நினைத்தாள், என்னவென்று சொல்வது? நாளுக்கு இரண்டு பாட்டில் என்றால் இருபத்திரண்டு நாளைக்கு நாற்பத்து நாலு. மகளின் வயிற்றுக்குள் ஒவ்வொரு பாட்டிலாக இறங்குவது கண்ணுக்குள் வந்துகொண்டே இருந்தது. குலதெய்வத்தைக் கும்பிட நினைத்தாள். கும்பிடக்கூட வாய் வரவில்லை. தெரிந்து செய்துவிட்டு எந்த முகத்தோடு போய் நிற்பது.

அவள் போய்ச் சேர்ந்தபோது உலகநாதன் மத்தியானச் சாப்பாட்டுக்கு வந்திருந்தான். அம்சம் எழுந்து, “வாங்க சம்மந்தி, சொல்லாம கொள்ளாம வந்துருக்கீங்க, ஒக்காருங்க” என்று பாய் விரித்தாள். கலையரசி சுவரைப் பிடித்துக்கொண்டு சிரித்த முகமாக வந்தாள். செவ்வந்தி மகளின் முகத்தை இரண்டு கையாலும் பிடித்து வெளிச்சத்துக்குத் திருப்பினாள்.

“என்னம்மா பாக்கறீங்க?”

“ஒண்ணுமில்லடி.” கண் வெள்ளையாகத்தான் இருந்தது. வெள்ளையா? ஓரத்தில் லேசாக மங்கியிருக்கிறதா? வெயிலில் வந்த அவள் கண்ணுக்கு எதுவும் நிச்சயமாகத் தெரியவில்லை.

உலகநாதன் ஒரு நீல மூடியைத் திருகித் திறந்து, தம்ளரில் ஊற்றி அவள் முன்னால் நீட்டினான். “மொதல்ல குடிங்க அத்தை. ரெண்டு பஸ் மாறி வந்துருக்கீங்க.”

செவ்வந்தி வாங்கிக்கொண்டாள். தாகத்தில் நாக்கு ஒட்டிக்கொண்டிருந்தது. குடிக்காமல் தம்ளரைக் கையிலேயே வைத்திருந்தாள்.

“இந்த வீட்டுல நாங்க யாரும் இதத் தொடுறதில்ல” என்று அம்சம் பெருமையாகச் சொன்னாள். “நாங்கள்லாம் கொள்ளிடத்துலேர்ந்து வர்ற கொழாத் தண்ணிதான். இது மருமவளுக்குன்னு எம்மவன் தனியா வச்சுட்டான். நான் ஒரு வாய் குடிக்கக் கேட்டதுக்குக்கூடத் தரல.”

“தரமாட்டேன்” என்றான் உலகநாதன், சிரித்தபடி. “எங்க அப்பாவப் பண்ணையார் பம்புசெட்டுத் தொட்டியில வாய் வச்சாருன்னு தென்னை மட்டையால அடிச்சாங்க அத்தை. தண்ணி குடிச்சதுக்கு. அந்தத் தழும்போடதான் செத்தாரு. எம்புள்ள வயித்துல இருக்கும்போதே ஒசந்த தண்ணியா குடிக்கணும். கெடைக்கிறதுலயே வெல கூடினது எதுவோ அது.”

கலையரசி அந்த பாட்டிலை எடுத்தாள். மீதியைக் குடிக்க வாயருகே கொண்டுபோனாள்.

செவ்வந்தி தம்ளரைப் போட்டுவிட்டு மகளின் கையிலிருந்து பாட்டிலைப் பிடுங்கினாள். தண்ணீர் தரையெல்லாம் கொட்டியது.

“குடிக்காதடி” என்றாள். “தேதியெல்லாம் பொய். தொட்டிக்குள்ள கக்கூஸ் தண்ணி எறங்கிருக்கு. எங்களோட வேலை செய்யறவளுக்குக் காமாலை வந்துடுச்சு.”

உலகநாதன் நம்பாமல் தலையை ஆட்டினான்.

“அது மட்டமான தண்ணியில இருக்கும். இது அறுபது ரூபா தண்ணி.”

“ரெண்டும் ஒண்ணுதான் மாப்புள்ள. ஒரே கொழாதான். மூடிதான் வேற.”

“இன்னிக்குத் தெரிஞ்சுதா?”

“அழுக்குத் தண்ணின்னு இன்னிக்குத்தான் தெரியும். ஒரே தண்ணின்னு…” அவள் தரையில் கொட்டியிருந்த தண்ணீரைப் பார்த்தாள். “அது நாலு வருஷமாத் தெரியும்.”

“தெரிஞ்சேதான் சபையில கொண்டாந்து வச்சீங்களா?”

“ஆமா.”

அவன் அவளை அடித்திருந்தால்கூடத் தேவலை என்று இருந்தது. அவன் திரும்பி, அடுக்கியிருந்த பெட்டிகளைப் பார்த்தான். மூன்று பெட்டிக்கு மேல் காலியாகிவிட்டது. வீட்டில் வேறு யாரும் தொடாமல், தன் கையால் ஊற்றி ஊற்றிக் கொடுத்தது அவன்தான். அவன் முகத்தில் இரத்தமே இல்லை.

“அம்மா, புள்ளைக்கு ஏதாவது ஆயிடுமாம்மா?” என்றாள் கலையரசி. அவள் இரண்டு கையும் வயிற்றின்மேல் இருந்தன. அம்சம் ஆட்டோவைக் கூப்பிட ரோட்டுக்கு ஓடினாள்; மூவரையும் ஏற்றி அனுப்பிவிட்டு அவள் வீட்டில் இருந்துகொண்டாள்.

ஆஸ்பத்திரியில் இருந்தது ஒரு பெண் டாக்டர். கலையரசியின் கீழிமையை இழுத்துப் பார்த்தார், வயிற்றில் கைவைத்துப் பார்த்தார், இரத்தம் எடுக்கச் சொன்னார். இரத்தப் பரிசோதனையின் முடிவு வரும்வரை மூன்று பேரும் வராந்தா பெஞ்சில் உட்கார்ந்திருந்தார்கள். உலகநாதன் செவ்வந்தி பக்கம் திரும்பவேயில்லை. இரண்டு மணி நேரம் கழித்துக் கூப்பிட்டார்கள்.

“எந்தத் தண்ணி குடிச்சாங்க?” என்று டாக்டர் கேட்டார்.

“விலை கூடின தண்ணிதான் மேடம். பாட்டில் அறுபது ரூபா” என்றான் உலகநாதன். அந்த நேரத்திலும் அதைத்தான் சொல்ல வந்தது அவனுக்கு.

“என்ன விலைன்னு நான் கேக்கல சார். எங்க அடைச்சதுன்னு கேட்டேன்.”

அவன் விழித்தான். மூன்று வாரமாகத் தினம் கையில் பிடித்த பாட்டில். பனிமலையைத் தவிர அவனுக்கு ஒன்றும் நினைவில்லை.

“நாந்தாங்க அடைச்சேன்” என்றாள் செவ்வந்தி.

ஊர், கம்பெனி, முதலாளி பெயர், தொட்டியில் தண்ணீர் இறங்கிய நாள் எல்லாவற்றையும் சொன்னாள். டாக்டர் எழுதிக்கொண்டார். சுகாதாரத் துறையிலிருந்து ஆள் வந்து கேட்டால் இதையே சொல்வீர்களா என்று கேட்டதற்கு, சொல்கிறேன் என்றாள். அந்த நேரம் பார்த்து மடியில் போன் அடித்தது. இராஜாங்கத்தின் நம்பர். அதை அணைத்து வைத்தாள்.

டாக்டர் சீட்டைப் பார்த்தார். “இன்னிக்கு ரத்தத்துல ஒண்ணும் இல்ல. அதுக்காக நிம்மதியா இருந்துடாதீங்க. உள்ள போனது வெளியில தெரிய ரெண்டு வாரமும் ஆகலாம், ஆறு வாரமும் ஆகலாம். தினம் காலையில கண்ணைப் பாருங்க, ஒண்ணுக்குப் போற நெறத்தைப் பாருங்க. கொமட்டல், காய்ச்சல் எது வந்தாலும் அன்னிக்கே தஞ்சாவூருக்குக் கொண்டு போயிடணும். நல்லாக் கொதிச்ச தண்ணி மட்டும் குடுங்க.”

ஆறு வாரம். பிள்ளை பிறக்கவும் கிட்டத்தட்ட அவ்வளவுதான் இருந்தது. எது முந்திக்கொள்ளுமோ. செவ்வந்திக்கு அதற்கு மேல் கணக்குப் போடத் தெம்பில்லை.

வெளியே பெஞ்சில் உட்கார்ந்ததும் கலையரசி, “தாகமா இருக்கும்மா” என்றாள்.

உலகநாதன் சட்டென்று எழுந்து எதிர்க் கடைக்குப் போனான். வெகுநேரம் ஆயிற்று. திரும்பி வந்தபோது அவன் கை காலியாக இருந்தது.

“அஞ்சு தினுசு வச்சுருக்கான். இருபதுலேர்ந்து எம்பது வரைக்கும்.” அவன் குரல் உடைந்திருந்தது. “எல்லாத்தையும் எடுத்து எடுத்துப் பாத்தேன். வாங்கறதுக்குப் பயமா இருக்கு.” பிறகு, அந்த மத்தியானத்துக்குப் பின் முதல் தடவையாக அவளைப் பார்த்தான். “நீங்க சொல்லுங்க அத்தை. எது நல்ல தண்ணி?”

நாலு வருஷம் நாளெல்லாம் தண்ணீர் அடைத்தவள். எத்தனையோ ஆயிரம் மூடி திருகிய விரல்கள் காய்த்துப் போயிருந்தன. அவளுக்கும் தெரியவில்லை.

“இருங்க, வர்றேன்” என்று எழுந்தாள். ஆஸ்பத்திரி வாசலில் இருந்த டீக்கடையில் கெஞ்சிக் கேட்டு ஒரு சட்டியை வாங்கினாள். தேய்த்துக் கழுவித் தெருக்குழாயில் பிடித்து, அடுப்பில் வைக்கச் சொன்னாள். புள்ளைத்தாச்சிக்கு என்றதும் கடைக்காரர் டீப் பாலை இறக்கி வைத்துவிட்டு இடம் கொடுத்தார். செவ்வந்தி அடுப்பை விட்டு நகராமல் நின்றாள்.

“கொதிச்சிடுச்சும்மா, எறக்கட்டுமா?”

“இன்னும் கொஞ்சம் கொதிக்கட்டுங்க.”

ஆவி அவள் முகத்தில் அடித்தது. எதிரே பெஞ்சில், உலகநாதன் குனிந்து கலையரசியின் கண்ணை மறுபடியும் பார்த்துக்கொண்டிருந்தான்.

“போதும்மா, தண்ணி வத்துது.”

“வத்தட்டும். எறக்காதீங்க” என்றாள்.

சட்டியின் அடியில் அரைத் தம்ளர் தண்ணீர் மிஞ்சும்வரை கடைக்காரரை அவள் அடுப்பை அணைக்க விடவில்லை.